பழைய ஆடியோ இதழ்கள்: எந்த ஆண்டை வாங்கலாம், எந்தப் பக்கத்தை நம்பலாம்

பழைய ஹைஃபை இதழ்களைக் கட்டுக்கட்டாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அட்டையைப் பார்த்தே வாங்குகிறார்கள். ஆளுயர ஸ்பீக்கரோ பளபளக்கும் டர்ன்டேபிளோ அட்டையில் இருந்தால் விலை ஏறிவிடுகிறது. ஆனால் நாற்பது ஆண்டு கழித்தும் உழைக்கிற பக்கம் உள்ளே இருக்கிறது. விமர்சனம் முடிந்த பிறகு, சின்ன எழுத்தில், இரண்டு மூன்று வரைபடங்களோடு அச்சாகியிருக்கும் அளவீட்டுப் பக்கம் அது. கருவியை எந்த நிலையில், எந்தத் தூரத்தில், எந்தச் சுமையில் அளந்தார்கள் என்று எழுதி வைத்த இதழ் இன்றும் பயன்படும். எழுதி வைக்காத இதழ் அந்தக் காலத்து ரசனைக்குச் சாட்சியாக மட்டும் நிற்கும். எந்தத் தொகுப்புக்குப் பணம் கொடுக்கலாம் என்பதை இங்கே அந்த ஒரு அளவுகோலை வைத்தே பார்க்கிறோம்.

முதலில் அமெரிக்காவின் 'ஆடியோ'. 1917ல் 'பசிபிக் ரேடியோ நியூஸ்' என்று தொடங்கி, பிறகு 'ரேடியோ' ஆகி, 1947ல் 'ஆடியோ இன்ஜினியரிங்' என்றும் 1954ல் 'ஆடியோ' என்றும் பெயர் மாறி, 2000ல் நின்றுபோன இதழ். பெயர் மாறிய வரிசையிலேயே அந்தத் துறையின் கதை இருக்கிறது: வானொலிக்காரர்களின் தொழில்நுட்பம் மெல்ல மெல்ல வீட்டில் பாட்டுக் கேட்பவர்களின் கைக்கு வந்தது. மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி, சின்னப் பெட்டியில் ஆழமான பாஸ் எடுக்கலாம் என்று எட்கர் வில்ச்சர் 1954ல் இதில்தான் விளக்கினார். மூடிய பெட்டி ஸ்பீக்கர் வடிவமைக்கும் எவரும் இன்றும் அந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள்.

'ஆடியோ'வில் வாங்கத் தகுந்த காலம் 1970களின் நடுவிலிருந்து 1990கள் வரை. காரணம் இரண்டு பெயர்கள். ஒருவர் ரிச்சர்ட் ஹேசர். விண்வெளித் துறையின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். எதிரொலி இல்லாத அறைக்குப் போகாமலே ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியை மட்டும் பிரித்து அளக்கும் முறையை 1967ல் வெளியிட்டவர். 1987ல் இறக்கும் வரை இந்த இதழுக்கு ஸ்பீக்கர் விமர்சனம் எழுதினார். அவருடைய கட்டுரையில் அலைவெண் வரைபடத்தோடு (தாழ்ந்த ஸ்வரத்திலிருந்து உயர்ந்த ஸ்வரம் வரை எது எவ்வளவு உரக்க வருகிறது என்ற படம்) ஒலி ஆற்றல் எந்த நேரத்தில் வந்து சேர்ந்தது என்ற வரைபடமும் இருக்கும். பெட்டியின் முன்பலகை ஓரத்தில் பட்டுத் திரும்பும் ஒலி அதில் தனிக் குன்றாகத் தெரியும். இன்னொருவர் டான் கீல். கோனுக்கு, அதாவது ஸ்பீக்கரில் அதிரும் கூம்புக்கு, மிக அருகே மைக்கை வைத்துத் தாழ்ந்த அலைவெண்ணை அளக்கும் முறையை 1974ல் ஆய்வுக் கட்டுரையாகத் தந்தவர் அவர். பின்னாளில் இதே இதழில் விமர்சனமும் எழுதினார். முறையைக் கண்டுபிடித்தவர்களே விமர்சனமும் எழுதிய இதழ் என்பது சாதாரண விஷயமில்லை.

அக்டோபர் இதழ்களைத் தனியாகத் தேடி வாங்கலாம். ஆண்டுதோறும் கருவிகளின் பட்டியல் அந்த மாதம்தான் வரும். எந்த ஆம்ப் எந்த ஆண்டு என்ன விலைக்கு விற்றது, எத்தனை வாட், எத்தனை எடை என்று பார்க்க இதைப்போல் வசதியான அச்சு ஆவணம் குறைவு. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. அதில் உள்ள எண்கள் தயாரிப்பாளர்கள் தந்தவை, இதழ் அளந்தவை இல்லை. அதிலும் 1974க்கு முந்தைய இதழ்களில் உள்ள வாட் கணக்கைப் பிந்தைய கணக்கோடு ஒப்பிடவே கூடாது. அந்த ஆண்டுதான் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், ஆம்ப்ளிஃபயரின் தொடர் திறனைக் குறிப்பிட்ட அலைவெண் வரம்புக்கும் திரிபு அளவுக்கும் கட்டுப்படுத்திச் சொல்ல வேண்டும் என்று விதி போட்டது. அதற்கு முன் 'மியூசிக் பவர்', 'பீக் பவர்' என்று ஒரே கருவியை இரண்டு மடங்கு, நான்கு மடங்காகக் காட்டி விளம்பரம் செய்ய முடிந்தது.

பிரிட்டனின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' ஹைஃபை இதழ் என்று சொல்லிக்கொண்டதில்லை. ஆனாலும் ஆம்ப் கட்டுகிறவர்களுக்கு அதை விட்டால் தொடக்கமே இல்லை. வில்லியம்சன் ஆம்ப்ளிஃபயர் 1947 ஏப்ரல், மே இதழ்களில் வந்தது. இரண்டு கேடி66 வால்வுகளை டிரையோடாக இணைத்து 15 வாட், வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரையும் உள்ளடக்கி 20 டெசிபல் பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே கொடுத்துப் பிழையைக் குறைப்பது). இதை வாங்குகிறவர்கள் செய்யும் பொதுவான தவறு ஒரு இதழை மட்டும் வாங்குவது. ஏப்ரலில் இருப்பது ஏன் இப்படி என்ற விவாதம், மே இதழில் இருப்பது இறுதி மின்சுற்று. 1949 ஆகஸ்ட் இதழில் திருத்திய பதிப்பும் வந்தது. மூன்றும் சேர்ந்தால்தான் முழுமை.

கட்டும்போது கெடுவது எங்கே என்றும் சொல்லிவிடலாம். அந்தச் சுற்றின் உயிர் டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது. பிரைமரி இண்டக்டன்ஸ் மிக அதிகமாகவும் லீக்கேஜ் இண்டக்டன்ஸ் மிகக் குறைவாகவும் இருக்க வேண்டும். கையில் கிடைத்த டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டால் தாழ்ந்த, உயர்ந்த அலைவெண்கள் என்ற இரண்டு முனையிலும் கட்டத் திருப்பம் (அலை நேரம் தவறுவது) கூடி, பின்னூட்டம் நேர்ப் பின்னூட்டமாக மாறிவிடும். கீழ் முனையில் மோட்டார் படகு மாதிரி 'டப் டப்' என்று துடிக்கும். மேல் முனையில் காதுக்குக் கேட்காத அலைவெண்ணில் அலையத் தொடங்கி வால்வையும் ட்வீட்டரையும் எரிக்கும். இதே இதழில் 1952ல் பாக்ஸாண்டலின் டோன் கன்ட்ரோலும் 1969ல் லின்ஸ்லி ஹூட்டின் 10 வாட் கிளாஸ் ஏ ஆம்ப்பும் வந்தன. பழைய பட்டியலில் பேப்பர் கெப்பாசிட்டர் என்றிருந்தால் அதே மதிப்பில் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் போட வேண்டும். பழைய பேப்பர் கெப்பாசிட்டர் மின்னோட்டத்தைக் கசியவிட்டு அடுத்த வால்வை இயங்கு நிலையில் நிறுத்தும் கிரிட் பயாஸ் மின்னழுத்தத்தைக் கெடுத்துவிடும்.

இனி ஹை எண்ட், அதாவது உயர்தரக் கருவிகளுக்கானவை, என்று சொல்லப்படும் இதழ்கள். 1951ல் தொடங்கிய 'ஹை ஃபிடெலிட்டி'யும் 1958ல் தொடங்கி 'ஸ்டீரியோ ரிவ்யூ' என்று பெயர் பெற்ற இதழும் பெரிய விற்பனையில் இருந்த காலம் அது. (இசை பற்றிய எழுத்து வேண்டுமென்றால் 'ஹை ஃபிடெலிட்டி' பொக்கிஷம். ஒலிப்பதிவின் எதிர்காலம் பற்றி கிளென் கூல்ட் எழுதிய நீண்ட கட்டுரை 1966 ஏப்ரல் இதழில் இருக்கிறது.) கருவி விமர்சனத்தில் இரண்டுமே ஆய்வுக்கூட எண்களை நம்பின. 'ஹை ஃபிடெலிட்டி'யில் கருவிகளைச் சோதித்துக்கொண்டிருந்த ஜே. கார்டன் ஹோல்ட் வெளியே வந்து 1962ல் 'ஸ்டீரியோஃபைல்' தொடங்கினார். தொடக்கத்தில் தயாரிப்பாளர் விளம்பரம் கிடையாது. கருவியை வீட்டில் இசை கேட்டு மதிப்பிட வேண்டும் என்பது கொள்கை.

இந்தப் பிளவை 'காதா, கருவியா' என்ற சண்டையாகவே பலர் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது போதாது. அன்றைக்கு அளந்தவர்கள் தவறான இடத்தில் அளந்தார்கள். தொடக்க கால டிரான்சிஸ்டர் ஆம்ப்களில் பல கிளாஸ் பி வகை, அலையின் இரு பாதிகளை இரண்டு டிரான்சிஸ்டர்கள் பிரித்துக்கொள்ளும். நேர் அலையிலிருந்து எதிர் அலைக்கு மாறும் இடத்தில் ஒரு சின்ன உடைசல் விழும். அந்த உடைசலின் அளவு ஏறக்குறைய மாறாது. எனவே முழுத் திறனில் அளந்தால் மொத்தத்தில் அது ஒரு துளி, திரிபு 0.1 சதவீதத்துக்கும் கீழே தெரியும். வீட்டில் கேட்கும் கால் வாட்டில் அதே உடைசல் சைகையின் பெரிய பங்காகிவிடும், வயலின் கீச்சிடும். விளம்பரத்திலும் சோதனை அறிக்கையிலும் வந்தது முழுத் திறன் எண். காதில் விழுந்தது கால் வாட். ஹோல்ட்டின் காது சரியாகத்தான் சொன்னது. பிற்காலத்தில் திரிபைத் திறனுக்கு எதிராக வரைபடமாகப் போடத் தொடங்கியதும் இரண்டு தரப்பும் ஒரே உண்மையைப் பார்த்தன. வரைபடத்தின் இடது கோடியில், அதாவது மில்லிவாட் பகுதியில், கோடு எப்படி ஏறுகிறது என்று பார்த்தால் போதும். சீராக ஏறினால் அது இரைச்சல். ஏற்றத்தில் மேடு விழுந்தால் அங்கே அந்த உடைசலை, அதாவது கிராஸ்ஓவர் திரிபை, தேட வேண்டும்.

ஹோல்ட் காலத்து 'ஸ்டீரியோஃபைல்' ஒழுங்காக வந்ததில்லை. தேதி பார்த்துத் தொகுப்பு நிரப்ப முயன்றால் வராத இதழைத் தேடி அலைய நேரும். தொகுதி எண், இதழ் எண் பார்த்து வாங்குங்கள். 1982ல் லாரி ஆர்ச்சிபால்ட் இதழை வாங்கினார். 1986ல் பிரிட்டனின் 'ஹைஃபை நியூஸ்' ஆசிரியராக இருந்த ஜான் அட்கின்சன் ஆசிரியராக வந்தார். 1980களின் இறுதியில் விமர்சனத்தோடு அளவீடும் வழக்கமானது. இந்தக் காலத்திலிருந்து வரும் இதழ்களுக்குத்தான் எங்கள் முதல் பரிந்துரை. காரணம், கேட்டவர் வேறு, அளந்தவர் வேறு. கேட்டவர் புகழ்ந்த ஸ்பீக்கரின் குறை அடுத்த பக்கத்திலேயே வரைபடமாக அச்சாகியிருக்கும். அதைவிட முக்கியம், பல பத்தாண்டுகள் ஏறக்குறைய ஒரே முறையில் அளந்தார்கள். 1990ன் ஸ்பீக்கரையும் 2010ன் ஸ்பீக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

ஆனால் அந்த வரைபடங்களைப் படிக்கத் தெரியாமல் ஏமாறுகிறவர்கள் அதிகம். ஸ்பீக்கர் அலைவெண் வரைபடத்தில் 100 ஹெர்ட்ஸ் அருகே பெரிய மேடு தெரியும். அதைப் பார்த்து 'பாஸ் வீங்கியிருக்கிறது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அறையில் முதல் எதிரொலி வந்து சேர 4 அல்லது 5 மில்லிநொடிதான் அவகாசம். அந்த நேரச் சாளரத்துக்குள் அளந்தால் 200 முதல் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் தெரியாது. ஆகவே கீழ்ப் பகுதியைக் கோனுக்கு அருகே மைக் வைத்து அளந்து ஒட்டுகிறார்கள். அருகளவு முறை ஸ்பீக்கர் முடிவில்லாத சுவரில் பதித்திருப்பதாக எடுத்துக்கொள்வதால் பாஸ் உயர்ந்து காட்டும். கோட்பாட்டுப்படி 6 டெசிபல் வரை இந்த உயர்வு முறையின் விளைவு. அதைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். மேல் பகுதி 50 அங்குலத் தூரத்தில் அளந்தது. நான்கைந்து டிரைவர் அடுக்கிய உயரமான ஸ்பீக்கருக்கு அந்தத் தூரம் போதாது. டிரைவர்களின் ஒலி கலக்கும் முன்பே மைக் இருப்பதால் ஒரு டிரைவர் விட்டு அடுத்தது தொடங்கும் கிராஸ்ஓவர் அலைவெண் அருகே தெரியும் பள்ளம் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் இல்லாமல் போகலாம்.

மின்மறுப்பு (மாறும் மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை) வரைபடம்தான் எல்லாவற்றிலும் நேர்மையானது. அதற்கு அறையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். முழுக்கோடு மறுப்பின் அளவு, விட்டுவிட்டு வரும் கோடு கட்டக் கோணம் (மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒன்றையொன்று விட்டு விலகும் அளவு). தாழ்ந்த பகுதியில் ஒரே குன்று இருந்தால் மூடிய பெட்டி. இரண்டு குன்றுகளும் நடுவில் சேணம் போன்ற பள்ளமும் இருந்தால் துளையுள்ள பெட்டி, அந்தப் பள்ளத்தின் அலைவெண்தான் துளையின் ஒத்திசைவு. 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை கோட்டில் சின்னச் சுருக்கம் விழுந்திருந்தால் பெட்டியின் சுவர் அந்த இடத்தில் அதிர்கிறது என்று சந்தேகிக்கலாம். 4 ஓமுக்கு இறங்கும் அதே இடத்தில் கோணம் 45 பாகை எதிர்ப் பக்கம் போனால், பெட்டியில் '8 ஓம்' என்று அச்சிட்டிருந்தாலும் சின்ன ஆம்ப்பை அதோடு சேர்க்க வேண்டாம்.

உணர்திறன் எண்ணிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்தது என்று போட்டிருப்பார்கள். 8 ஓமுக்கு அது 1 வாட். 4 ஓமுக்கு 2 வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கருக்கு 90 டெசிபல் என்றால் வாட்டுக்கு 87 தான். பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்களுக்கு ஸ்டெப் வரைபடம் (திடீரென்று மின்னழுத்தம் கொடுத்தால் ஸ்பீக்கர் எப்படி நகர்கிறது என்ற படம்) இன்னொரு உதவி செய்யும். ட்வீட்டரின் முதல் துடிப்பு மேலே போகிறதா கீழே போகிறதா என்று அச்சில் இருக்கிறது. வாங்கும் ஜோடியை மலிவான அளவு மைக்கோடு சோதித்துப் பார்த்து, ஒன்றில் மட்டும் திசை மாறியிருந்தால் யாரோ பழுது பார்க்கும்போது வயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஆம்ப் பக்கத்தில் வெளியீட்டு மறுப்பைத் தேடுங்கள். ஒரு வால்வு ஆம்ப்பின் வெளியீட்டு மறுப்பு 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கரின் மறுப்பு 3 ஓம் முதல் 20 ஓம் வரை ஏறி இறங்கினால், 3 ஓமில் 4.4 டெசிபல் இழப்பு, 20 ஓமில் 0.8 டெசிபல் இழப்பு. வித்தியாசம் 3.6 டெசிபல். இது காதுக்குத் தெளிவாகக் கேட்கும் சமனி (ஈக்வலைசர்). 'இந்த ஆம்ப் நடுக் குரலை முன்னே கொண்டுவருகிறது' என்று விமர்சகர் எழுதியதன் காரணம் பல நேரங்களில் இந்தக் கணக்கில் இருக்கிறது. ஸ்பீக்கர் போல நடந்துகொள்ளும் போலிச் சுமையில் அளந்த வரைபடம் அடுத்த பக்கத்தில் அதைக் காட்டும்.

'தி ஆப்சல்யூட் சவுண்ட்' வேறு வகை. 1973ல் நியூயார்க் மாநிலத்தின் சீ கிளிஃப் என்ற ஊரிலிருந்து ஹாரி பியர்சன் தொடங்கினார். மின்கருவி எதுவும் சேராத வாத்தியங்கள் உண்மையான இடத்தில் எழுப்பும் ஒலிதான் அளவுகோல் என்றார். மேடையின் அகலம், ஆழம், வாத்தியம் நிற்கும் இடம் என்று இன்று எல்லோரும் பேசும் சொற்களுக்கு வேகம் கொடுத்தது இந்த இதழ். அளவீடு ஏறக்குறைய இல்லை. எனவே கருவி வாங்க வழிகாட்டியாக இதன் பழைய இதழ்களைப் பரிந்துரைக்க மாட்டோம். ஆனால் எப்படிக் கேட்பது என்று கற்க இதைவிட நல்ல ஆசிரியர் குறைவு. விமர்சகர் எந்த இசைத்தட்டின் எந்த இடத்தைச் சொல்கிறார் என்று பார்த்து, அதே பதிவைப் போட்டுக் கேட்டால் அவர் சொன்ன 'ஆழம்' எது என்று பிடிபடும். பதிவு கையில் இல்லாமல் படித்தால் வெறும் வர்ணனைதான்.

எதிர்த் துருவத்தில் 'ஸ்டீரியோ ரிவ்யூ'வின் 1987 ஜனவரி இதழை வாங்கிப் படிக்க வேண்டும். சில நூறு டாலர் ரிசீவரிலிருந்து பல ஆயிரம் டாலர் வால்வு ஆம்ப் வரை திரைக்குப் பின்னால் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். கேட்டவர்களால் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்தச் சோதனையை வீட்டில் திரும்பச் செய்கிறவர்கள் சறுக்குவது ஒலி அளவில். இரண்டு ஆம்ப்பும் 0.1 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். 2.83 வோல்ட்டில் அது வெறும் 33 மில்லிவோல்ட். காதால் சமன் செய்யவே முடியாது. ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து, 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழான சைன் அலையில்தான் செய்ய வேண்டும். பல மல்டிமீட்டர்கள் அதற்கு மேலே தவறாகக் காட்டும். பீட்டர் ஆக்செல் 1977ல் தொடங்கிய 'தி ஆடியோ கிரிட்டிக்' காலப்போக்கில் இதே கட்சிக்கு வந்தது. வாதம் கூர்மை, இதழ் ஒழுங்காக வந்ததில்லை.

கட்டுகிறவர்களுக்கு எட் டெல் 1970ல் தொடங்கிய 'தி ஆடியோ அமெச்சூர்', அதிலிருந்து பிரிந்த 'ஸ்பீக்கர் பில்டர்', 'கிளாஸ் ஆடியோ'. 2001ல் இவை ஒன்றாகி 'ஆடியோஎக்ஸ்பிரஸ்' ஆயின. இவற்றில் ஒரு கட்டுரையை மட்டும் நகலெடுத்துக் கட்டத் தொடங்காதீர்கள். அடுத்த இரண்டு மூன்று இதழ்களின் வாசகர் கடிதப் பகுதியில்தான் பிழைதிருத்தம் வரும். ரெசிஸ்டர் மதிப்பில் ஒரு பூஜ்யம் விட்டுப்போனதும், டயோடு தலைகீழாக அச்சானதும் அங்கேதான் தெரியும்.

ஜப்பானின் 'ஸ்டீரியோ சவுண்ட்' 1966லிருந்து காலாண்டிதழ். அச்சுத் தரத்தில் இதற்கு ஈடு சொல்ல ஆளில்லை. மொழி தெரியாதவர்களுக்குப் படங்களே போதும் என்றால் வாங்கலாம். அங்கே 1924லிருந்து வரும் 'எம்ஜே' இதழின் சுற்றுப்படங்கள் மொழி தெரியாமலே படிக்கக்கூடியவை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. தனிப் பக்கமாக வெட்டி விற்பதை வாங்காதீர்கள். 'ஸ்டீரியோஃபைல்' இதழில் தயாரிப்பாளரின் பதில் கடைசிப் பக்கங்களில் வரும். அளவீடு தவறு என்று அவர் மறுத்திருக்கலாம், கருவியைத் திருத்திவிட்டேன் என்றும் எழுதியிருக்கலாம். ஏப்ரல், அக்டோபர் இதழ்களில் வரும் பரிந்துரைப் பட்டியலில் ஏ, பி, சி என்ற வகுப்புகளை வேறு வேறு ஆண்டுகளுக்கு இடையே ஒப்பிடவும் வேண்டாம். ஒரு கருவி பட்டியலிலிருந்து விழுந்ததற்குத் தரம் காரணமாக இருக்க வேண்டியதில்லை, உற்பத்தி நின்றாலும் விழும். நூலகங்களில் கட்டிய தொகுதிகளில் அட்டையையும் விளம்பரத்தையும் கிழித்திருப்பார்கள். விலை தேடுகிறவருக்கு அது நஷ்டம், அளவீடு தேடுகிறவருக்கு லாபம். கூப்பன் வெட்டிய இதழ் என்றால் வெட்டிய இடத்தின் பின்பக்கம் என்ன இருந்தது என்று கேளுங்கள்.

பசையால் ஒட்டிய முதுகுள்ள இதழை 180 பாகை விரித்து ஸ்கேன் செய்தால் முதுகு உடைந்து பக்கம் பக்கமாக உதிரும். 90 பாகைக்கு மேல் விரிக்காமல் மேலிருந்து கேமராவால் எடுப்பது நல்லது. வழவழப்புத் தாள் ஈரம் பட்டால் மேற்பூச்சு கரைந்து பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு பிரித்தால் எழுத்தும் சேர்ந்து பெயர்ந்து வரும். எனவே ஓரத்தில் அலை அலையாக நெளிந்த இதழ்க் கட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். ஸ்கேன் பிரதி வாங்கினால் கறுப்பு வெள்ளை மட்டும் உள்ள கோப்பு வேண்டாம், சாம்பல் நிறச் சாயைகளோடு அங்குலத்துக்கு 400 புள்ளித் திறனில் கேளுங்கள். இல்லாவிட்டால் கட்டக் கோணத்தின் விட்டுவிட்டு வரும் மெல்லிய கோடுதான் முதலில் மறையும்.